போன நீரும் போகாத உப்பும்

(ஆம்பூரில் ஒரு சித்திரை மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மேசைமேல் இரண்டு வெப்பமானிகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. ஒன்றின் குமிழ் சும்மா இருக்கிறது. மற்றதன் குமிழில் பழைய வேட்டித் துணியைச் சுற்றியிருக்கிறேன். துணியின் வால் இந்த டம்ளர் தண்ணீரில் கிடக்கிறது. முன்வரிசைத் தம்பி, கொஞ்சம் எழுந்து வந்து இரண்டையும் படித்துச் சொல்லுங்கள். சும்மா இருப்பது 38. ஈரத்துணி கட்டியது 24. டம்ளரில் நான் ஐஸ் போடவில்லை. இந்த மண்டபத்துக் குழாயில் பிடித்த தண்ணீர்தான். மொட்டைமாடித் தொட்டியில் காலையிலிருந்து வெயில் குடித்தது, பிடித்தபோது கையைச் சுட்டது. அந்த வெந்நீரில் நனைந்த துணி, சுற்றியுள்ள காற்றைவிட 14 டிகிரி குளிர்ந்து நிற்கிறது.

இந்த 14 டிகிரி எங்கே போனது என்பதுதான் இன்றைய பேச்சு. அதன் பின்னாலேயே நடந்தால் அது நம்மை பிரியாணி அடுப்புக்கும் தோல் பதனிடும் டேனரிக்கும் பாலாற்றுக்கும் கூட்டிக்கொண்டு போகும்.

அடுப்பிலிருந்து தொடங்குவோம். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி வேண்டும். கொதிக்கத் தொடங்கியபின் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, வெப்பமானியோ நூறிலேயே நிற்கிறது. அந்த ஒரு லிட்டரும் முழுக்க ஆவியாகித் தீர இன்னும் 540 கிலோகலோரி செலவாகும். கொதிக்க வைத்ததைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு! இவ்வளவு வெப்பமும் எந்த வெப்பமானியிலும் தெரியாமல் உள்ளே போய்விடுகிறது. 1760-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற மருத்துவப் பேராசிரியர் இதை அளந்து பார்த்தார். ஒளிந்திருக்கும் வெப்பம் என்று அவர் வைத்த பெயரைத்தான் நம் பாடநூல்கள் உள்ளுறை வெப்பம் என்கின்றன. அழகான சொல்லாக்கம், யார் செய்தாரோ, அவருக்கு என் வணக்கம்.

ஏன் இவ்வளவு செலவு? தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை அறுத்துக்கொண்டு வெளியேற வேகம் வேண்டும். கூட்டத்தில் மிக வேகமாக ஓடுபவைதான் தப்பிக்கின்றன. வேகமானவை போய்விட்டால் மீந்திருப்பவற்றின் சராசரி வேகம் குறைகிறது. வெப்பநிலை என்பது அந்தச் சராசரிக்கு நாம் வைத்த பெயர்தான். ஆகவே துணி குளிர்கிறது. இதற்குக் கொதிக்க வேண்டிய அவசியம் இல்லை. 30 டிகிரியிலும் நீர் ஆவியாகும்; அப்போது லிட்டருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக, சுமார் 580 கிலோகலோரி கேட்கும்.

பெங்களூரு சாலையில் போகிறவர்களுக்கு பள்ளிகொண்டா டோல்கேட் தெரியும். நீருக்கும் ஆவிக்கும் நடுவே அப்படியொரு டோல்கேட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், நம் டோல்கேட் வாங்கினது வாங்கினதுதான். இந்த டோல்கேட்டோ, போகும்போது கட்டிய காசைத் திரும்பி வரும்போது பைசா குறையாமல் கையில் கொடுத்துவிடும். ஆவி மீண்டும் நீராகும்போது, எடுத்துக்கொண்டு போன வெப்பம் முழுவதையும் எங்கே நீராகிறதோ அங்கே இறக்கி வைக்கிறது. இட்லிப் பானையைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இது தெரியும். கொதிநீர் தெறித்தால் படுகிற சூட்டைவிட நீராவி பட்ட சூடு கொடியது. ஆவி தோலின்மேல் நீராகும் அந்தக் கணத்தில் ஐந்நூற்று நாற்பதையும் நம் கையில் கட்டிவிட்டுப் போகிறது.

ஆம்பூரில் பேசிவிட்டு பிரியாணியைச் சொல்லாமல் போனால் சாப்பாடு கிடைக்காது. தம் போடும்போது பார்த்திருப்பீர்கள்: சீரகச் சம்பா முக்கால் பதம் வெந்ததும் தேக்சாவின் அடியில் தணலைக் குறைத்து, மூடியின்மேல் தணலை அள்ளிக் கொட்டுவார்கள். மேலிருந்தும் வேகட்டும் என்பார் மாஸ்டர். சரிதான். இயற்பியல் இன்னொன்றும் சொல்கிறது. மூடி குளிர்ந்திருந்தால் உள்ளேயிருந்து எழும் ஆவி அதில் பட்டு நீராகி மேலடுக்குச் சோற்றில் சொட்டும், அரிசி குழையும். மூடி சுட்டுக்கொண்டிருந்தால் ஆவிக்கு அங்கே நீராக இடமில்லை. சோற்றிலும் கறியிலும் பட்டுத்தான் அது நீராக வேண்டும், தன் வெப்பத்தை அங்கேதான் இறக்க வேண்டும். மூடியில் அள்ளிப் போட்ட தணல், ஆவி எங்கே இறங்க வேண்டும் என்று உத்தரவு போடுகிறது.

இனி ஊரின் சூட்டுக்கு வருவோம். வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலிப் பேச்சு உண்டு: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, நீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இதில் சாமி கணக்கு தீர்ந்துவிட்டது. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் 1981-ல் திரும்பி வந்துவிட்டார். ராஜாவை இனி யாரும் எதிர்பார்க்கவில்லை. மிச்சமுள்ள இரண்டும், நீரில்லாத ஆறும் மரமில்லாத மலையும், கேலிப் பேச்சல்ல. கத்திரி வெயிலில் இந்த வட்டாரம் 42, 43 என்று கொதிப்பதற்கான பௌதிகக் காரணத்தில் பாதி. (மீதி, கடலிலிருந்து நாம் இருக்கும் தூரம்.) தரையில் ஈரமும் மரமும் இருந்தால் வெயிலின் பெரும்பகுதி டோல்கேட்டில் கட்டணமாகப் போய்விடும். இல்லாவிட்டால் அந்த வெப்பம் பாறைக்கும், பாறையிலிருந்து காற்றுக்கும் போகும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க வேண்டிய வெப்பம் நேராகக் காற்றில் ஏறினால் சுமார் 2,000 கன மீட்டர் காற்றை 1 டிகிரி சூடாக்கிவிடும். ஒரு வேப்பமரம் ஒரு பகலில் எத்தனை குடம் நீரை இலை வழியே விடுகிறது என்று யோசித்துவிட்டு, பாலாற்றின் வெறும் மணலைப் பாருங்கள்.

ஆனால் இந்தச் சூட்டுக்கு ஒரு கருணை உண்டு. 42 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் ஈரக்குமிழ், அதாவது ஈரத்துணி கட்டிய வெப்பமானி, சுமார் 24-ல் நிற்கும். அதே மே மாதத்தில் சென்னையில் 36 டிகிரி, ஈரப்பதம் 65 என்றால் ஈரக்குமிழ் 30. வெப்பமானி சென்னைக்கு ஆறு டிகிரி சலுகை தருகிறது, உடம்பு தருவதில்லை. நம் தோலும் ஓர் ஈரத்துணிதானே. வியர்வை ஆவியானால்தான் குளிர்ச்சி. வழிந்து தரையில் சொட்டினால் ஒரு பைசா பலன் இல்லை, உப்பும் தண்ணீரும் நஷ்டம். மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் அது 675 வாட் வெப்பத்தை உடம்பிலிருந்து இறக்குகிறது. ஈரக்குமிழே 35-ஐத் தொட்டுவிட்டால் ஆரோக்கியமான மனிதரும் நிழலில் சும்மா உட்கார்ந்தபடியே சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010-ல் ஷெர்வுட், ஹூபர் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதற்கு வெகு முன்பே உடல் தோற்கும் என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டின. வேலூர்ச் சூட்டின் ஆபத்து வேறு மாதிரி. வியர்வை பிறந்த கையோடு காய்ந்துவிடுவதால் வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறோம். டேனரிக்குள் நிலைமை தலைகீழ். டிரம் சுற்றும் கூடத்தில் தரையெல்லாம் ஈரம், காற்றெல்லாம் ஈரம். வெளியே வேலூர், உள்ளே சென்னை.

கோடை மழைக்கும் இதே கணக்குதான். ஜவ்வாது மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வரும். முதல் துளி விழுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் சில்லென்று ஒரு காற்று அடிக்கும், கொடித்துணியெல்லாம் பறக்கும். மேகத்திலிருந்து விழுந்த துளிகள் நம் வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகின்றன. அதனால் குளிர்ந்து கனத்த காற்று கீழே விழுந்து நாலாபக்கமும் பரவுகிறது. மழை ஓய்ந்து வெயில் அடித்ததும் வருகிற புழுக்கம், அதே நீர் மறுபடி காற்றில் ஏறி, நம் வியர்வைக்கு இடம் கொடுக்காமல் உட்கார்ந்துகொள்வது. மார்கழியில் இதன் மறுபக்கம் தெரியும். விடியற்காலையில் பனி இறங்கத் தொடங்கியதும் குளிர் இறங்கும் வேகம் தளர்ந்துவிடும். ஒவ்வொரு பனித்துளியும் தன் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பதால்தான்.

இப்போது தோல். இந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த விஷயம், பிழை இருந்தால் பின்னால் வந்து திருத்துங்கள். தோல் தொழில் என்றால் குரோமும் சுண்ணாம்பும் என்று வெளியூர்க்காரர் நினைக்கிறார். அருகில் நின்று பார்த்தால் அது பெரும்பாலும் தண்ணீரை ஏற்றுவதும் இறக்குவதும்தான். ஏற்றுவது சுலபம். இறக்குவதில்தான் தொழில்நுட்பமே இருக்கிறது. பச்சைத் தோலை ஈரத்தோடு சூடாக்கினால் 60, 65 டிகிரியிலேயே அதன் புரத நார்கள் சுருண்டுவிடும். குரோம் ஏறிய தோல் கொதிநீரையே தாங்கும். இருந்தாலும் சூட்டில் அவசரமாக உலர்த்தினால் விறைத்து, மேல்பரப்பு கெடும். சூடாக்காமல் சீக்கிரம் உலர்த்துவது எப்படி? காற்றை உறிஞ்சிவிட்டால் போதும். வளிமண்டல அழுத்தத்தில் பதினான்கில் ஒரு பங்கு மட்டும் விட்டுவைத்தால் நீர் 40 டிகிரியில் கொதிக்கிறது. வேக்கம் டிரையர் செய்வது அதுதான். வழுவழுப்பான தட்டில் தோலை விரித்து, மேலே மூடி இறங்கி, காற்று உறிஞ்சப்பட்டதும் உள்ளேயிருக்கும் ஈரம், கை பொறுக்கும் சூட்டிலேயே கொதித்து வெளியேறும். வெளியேறிய ஆவியைக் குளிர்ந்த குழாய்களில் பட வைத்து நீராக்குகிறார்கள். அதற்கும் காரணம் உண்டு. சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீர் ஆவியானால் சுமார் 1,670 லிட்டர் இடத்தை அடைக்கும். அது திரும்ப நீரானால் அவ்வளவு இடமும் காலி. வெற்றிடம் தானாக உண்டாகிறது. 1712-ல் இங்கிலாந்தில் நியூகோமன் என்பவர் சுரங்கத்து நீரை இறைத்த எந்திரம் முழுவதுமே இந்தக் காலியாகும் இடத்தை நம்பி ஓடியது. உலர்த்துகிற எந்திரத்துக்குள் பாதி வேலையை ஆவி நீராவதே செய்கிறது என்பது எனக்கு இன்றும் சுவாரஸ்யம் குறையாத செய்தி.

இனி கசப்பான பகுதி. அதாவது, உப்புக் கரிக்கிற பகுதி.

கசாப்புக் கடையில் உரித்த தோல் அழுகாமல் டேனரி வரை வர வேண்டும். 100 கிலோ தோலுக்கு ஏறத்தாழ 40 கிலோ உப்பு போடுகிறார்கள். டேனரிக்கு வந்ததும் முதல் வேலை அதை ஊறவைத்து உப்பைக் கழுவுவது. அந்த முதல் ஊறல் தண்ணீர், கடல்நீரோடு போட்டி போடும் உப்பு. பல்லாண்டுகள் அது ஓடைக்கும் ஏரிக்கும் பாலாற்றுக்கும் போனது. பாலாறு பெரும்பாலும் மணலுக்கடியில் ஓடுகிற ஆறு. மேலே ஊற்றியது அடியில் போய்க் கிணற்றுக்கு வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட, 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்ற ஆய்வைத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்திய நீதிமன்றங்களில் நிலைபெற்றதில் நம் ஆற்றுக்குப் பங்கு உண்டு. பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

உப்புத் தண்ணீரை என்ன செய்வது? எல்லோருக்கும் முதலில் தோன்றிய யோசனை வெயில். இங்கே விலையில்லாமல் கிடைப்பது அது ஒன்றுதானே. பாத்தி கட்டி, தளம் போட்டு, ஊறல் தண்ணீரை நிறுத்தி வெயிலுக்கு விடுவது. கணக்குப் பார்ப்போம். நல்ல கோடை நாளில் ஒரு சதுர மீட்டரில் 6 அல்லது 7 யூனிட் அளவு வெயில் இறங்குகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக 0.67 யூனிட் வேண்டும். எல்லா வெயிலும் அதற்கே போனால் 10 லிட்டர். நடைமுறையில் பாதிதான் தேறும். ஒரு நாளைக்கு 10,000 லிட்டர் ஊறல் தண்ணீர் வெளிவரும் டேனரிக்கு 2,000 சதுர மீட்டர், அதாவது அரை ஏக்கர் பாத்தி வேண்டும். கோடையில் இது ஒத்து வரும். ஐப்பசியில் 100 மில்லிமீட்டர் மழை ஒன்று பெய்தால் அந்த அரை ஏக்கரில் விழுவது இரண்டு லட்சம் லிட்டர். இருபது நாள் ஊறல் தண்ணீருக்குச் சமம், ஒரே ராத்திரியில்!

அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. உப்பு, நீரின் மூலக்கூறுகளைப் போக விடாமல் பிடித்து வைக்கும். உப்பு முற்றிய நீருக்கு ஓர் எல்லை உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போனால் அது ஆவியாவதை நிறுத்திவிடும். நிறுத்துவதோடு விடாது, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கத் தொடங்கும். நம் வீட்டு உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிந்து கிடக்கிறதே, அதே சங்கதி. ஐப்பசி, கார்த்திகையில் பல நாள் காற்றின் ஈரம் அந்தக் கோட்டுக்கு மேலேதான். காய வைத்த பாத்தி மழை பெய்யாமலே நனையும். மழைக்காலத்தில் பாத்தி வழிந்தது என்றால் யாரோ ஒருவரின் அலட்சியம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அலட்சியமும் இருக்கலாம், ஆனால் அரை ஏக்கரில் அடங்காத கணக்கு முதலிலேயே இருந்தது.

அடுத்த கட்டமாகச் சொட்டு நீரும் வெளியே போகக் கூடாது என்ற விதி வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. வந்தது. இது ஆவியாக்காமல் சவ்வு வழியே நீரை அழுத்திப் பிரிப்பது. டோல்கேட் பக்கமே போகாத குறுக்கு வழி. கடல்நீரிலிருந்தே 1,000 லிட்டர் நல்ல நீரை 3, 4 யூனிட் மின்சாரத்தில் இதனால் எடுத்துவிடலாம். அதே 1,000 லிட்டரைக் கொதிக்க வைத்து எடுத்தால் 630 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும். ஆனால் சவ்வுக்கு ஓர் அளவு இருக்கிறது. மிஞ்சுகிற கெட்டியான உப்புத் தண்ணீரை, ரிஜெக்ட் என்கிறார்கள், அதை ஆவியாக்கித்தான் தீர வேண்டும்.

அங்கேதான் நான் மிக ரசிக்கிற எந்திரம் வருகிறது: எம்.இ.இ., பல கலங்களில் ஆவியாக்குவது. முதல் கலத்தில் கொதிகலன் ஆவியை விட்டு உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்கள். அதிலிருந்து எழுகிற ஆவியை வீணாக்காமல் இரண்டாம் கலத்தின் குழாய்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அது நீராகி, தான் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தருகிறது. அந்த வெப்பத்தில் இரண்டாம் கலம் கொதிக்கிறது. இரண்டாம் கலத்தில் அழுத்தம் குறைவு, அதனால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். அதன் ஆவி மூன்றாம் கலத்துக்கு. இப்படி ஒரே வெப்பம் நாலு கலத்தில் நாலு முறை செலவாகிறது. ஒரு கிலோ நீராவிக்கு மூன்று கிலோவுக்கு மேல் நீர் வெளியேறும். இதை முதலில் ஓட்டிக் காட்டியவர் நோர்பர்ட் ரில்லியூ, 1806-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில் பிறந்தவர். கறுப்பினத் தாயின் மகன். அடிமை முறை இருந்த நாட்டில், கரும்புச் சாற்றை அண்டா அண்டாவாக மாற்றி ஊற்றி அடிமைகள் வெந்துகொண்டிருந்த சர்க்கரைத் தொழிலுக்கு இந்த எந்திரத்தைக் கொடுத்து 1843-ல் காப்புரிமை பெற்றார். திருவலம் பக்கம் அம்முண்டி சர்க்கரை ஆலையில் வேலை செய்த யாராவது இங்கே இருந்தால் அவர்களுக்கு இது பழைய சிநேகிதம். கரும்புச் சாறு சர்க்கரையாவதும் நம் டேனரித் தண்ணீர் உப்பாவதும் ஒரே எந்திரத்தின் இரண்டு பிள்ளைகள்.

ஒரு வித்தியாசம். ஆலையில் கடைசியில் மிஞ்சுவதை மூட்டை கட்டி விற்கலாம். இங்கே மிஞ்சுவது சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் கலந்து, மற்ற அழுக்கும் ஒட்டிக்கொண்ட பழுப்புக் குவியல். தனித்தனியே பிரித்தால் விலை உண்டு. கலந்து கிடந்தால் யாரும் வாங்குவதில்லை. கூரை போட்டுக் குவித்து வைக்க வேண்டும், ஏனென்றால் மழைக்காலக் காற்றில் அது மறுபடி ஈரத்தை இழுக்கும். எவ்வளவு சாமர்த்தியமாக நீரை ஆவியாக்கினாலும் உப்பு ஒரு கிராம்கூடக் குறையாது. நீரை விலக்கத்தான் நமக்குத் தெரியும். போகாமல் மிஞ்சியதைக் குவித்து வைப்பதன் விலையை ராணிப்பேட்டை ஒருமுறை பார்த்துவிட்டது: 2015 ஜனவரி 31 அதிகாலை, சிப்காட் தொழிற்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள்.

என் கட்சி இதுதான், இதோடு நீங்கள் சண்டை போடலாம்: எம்.இ.இ.க்குச் செலவிடும் அக்கறையில் கால் பங்கை, தோல் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே செலவிட வேண்டும். ஊறவைக்கும் முன் தோலைச் சட்டத்தில் போட்டு உதறினால் ஒட்டாத உப்பு உலர்ந்தபடியே கொட்டும். பல டேனரிகளில் இதைச் செய்கிறார்கள், சிலவற்றில் பேருக்குச் செய்கிறார்கள். உதறி எடுத்த ஒரு கிலோ உப்புக்குக் கொதிகலன் வேண்டாம், சவ்வு வேண்டாம், பாத்தி வேண்டாம். தண்ணீரில் கரைந்துவிட்டால் அதே ஒரு கிலோவைத் திரும்பப் பிடிக்க, அதைச் சுற்றியிருக்கும் தண்ணீர் முழுவதுக்கும் வழிச்செலவு கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுகிறார். முடிக்கும் முன், தம்பி, இன்னொரு முறை வந்து படித்துவிடுங்கள். சும்மா இருப்பது 36. பொழுது சாய்ந்துவிட்டது, சரி. ஈரத்துணி கட்டியது? 26. காற்று குளிர்ந்திருக்கும்போது ஈரக்குமிழ் மட்டும் இரண்டு டிகிரி ஏறியிருக்கிறது. டம்ளரை யாரும் மாற்றவில்லை. இங்கே 300 பேர் ஒரு மணி நேரமாக மூச்சு விட்டுக்கொண்டும் வியர்த்துக்கொண்டும் இருக்கிறீர்கள். ஆளுக்கு 100 கிராம் என்று வைத்தாலும் 30 லிட்டர். ஜன்னல் வழியே போனது போக மிச்சம் இந்த மண்டபக் காற்றில் இருக்கிறது. பின்வரிசை ஐயா, அந்தக் கதவையும் திறந்துவிடுங்கள்.